பனி பூத்த பாய்

“நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன். எப்படிக் கொன்னேன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்,” என்றாள் அந்த டீச்சர்.

பிளேன்டீ கோப்பையை மேசையில் வைத்துக்கொண்டிருந்த செல்லசாமி நிமிர்ந்தான். “குற்றவாளி தானாவே வந்தாச்சு அக்கா. பில் போட்டுறவா?”

“கதவைச் சாத்து. வாயையும்,” என்றாள் ஜீவராணி.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பார்மசிக்கு மேலே, மரப்படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் ஜீவராணியின் துப்பறியும் அலுவலகம். பொலிஸில் சார்ஜன்ட்டாக இருந்தவள். மேலதிகாரி சொன்ன பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வேலையை விட்டு வந்து பல வருடமாகிறது. செல்லசாமி அவளுடைய உதவியாள். ஆட்டோவும் அவனுடையதுதான். நாற்பது வயதாகியும் அவன் வாய்க்கு மட்டும் பிரேக் பிடிப்பதில்லை.

டீச்சரின் பெயர் ஜெனிதா. கோப்பையைத் தொடாமலேயே பேசினாள்.

“செத்தது திலக்ஷன். என்னோட ஒண்ணா உயர்தரம் படிச்சவன். ஆறடிக்கு மேல வளர்ந்திருந்தான், தூணுன்னுதான் கூப்பிடுவோம். பொங்கல் லீவுல பழைய கூட்டாளிங்க நாலு பேர் சேர்ந்து கோட்டைமலைக்கு ஏறினோம். ராத்திரி அங்கேயே தங்கி சூரியன் உதிக்கிறதைப் பாக்கிறதுன்னு திட்டம். நான், திலக்ஷன், சுகந்தன், ஷெரோமி. ஷெரோமி வர்றதாலதான் என்னை வீட்டுல விட்டாங்க.”

“சுகந்தன் யாரு?”

“லிந்துலையில போன் திருத்துற கடை வச்சிருக்கான். திலக்ஷனும் அவனும் ஒரே தோட்டம், ஊசிமலை. ஷெரோமி கொழும்புல வேலை செய்றா.”

அன்று சாயந்தரம் கோட்டைக்குள் நெருப்பு மூட்டி ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டிருக்கிறார்கள். பழைய வாத்தியார்களைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்திருக்கிறார்கள். பிறகு திலக்ஷன் அவளைத் தனியே சுவர்ப்பக்கம் கூப்பிட்டான்.

“கல்யாணம் செஞ்சுக்கலாமான்னு கேட்டான். நான் அப்படி நினைச்சதே இல்லைன்னு சொல்லிட்டேன். சிரிச்சான். ‘சரி விடு, ரொட்டி ஆறுது’ன்னான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பாக்க முடியல. முதல் ஆளாப் போய் சுவரைப் பாத்துப் படுத்து, தலையோட போத்திக்கிட்டேன்.” ஜெனிதா நிறுத்தினாள். “ராத்திரி யாரோ கூப்பிட்டாங்க. தூரத்துல. என் பேர் மாதிரி இருந்துச்சு. அவன்தான், போனா திரும்பவும் அதையேதான் கேப்பான்னு நினைச்சு, காதைப் பொத்திக்கிட்டேன். விடிஞ்சா ஆள் இல்ல. கோட்டைப் பாறைக்கு அடியில கிடந்தான்.”

“பொலிஸ் என்ன சொன்னாங்க?”

“கால் தவறி விழுந்துட்டான்னு முடிச்சிட்டாங்க. ஆனா செத்த வீட்டுல நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கல. நான் வேணாம்னதாலதான் போயிட்டான்னு கதறிட்டேன். இப்ப தோட்டம் முழுக்க அவன் குதிச்சு செத்தான்னு பேச்சு. அவங்க அம்மா தண்ணிக்குப் போனா பீலிக்கரையில பொம்பளைங்க பேச்சை நிப்பாட்டுறாங்களாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் எந்திரிச்சுப் போயிருந்தா அவன் இருந்திருப்பானா? அதை மட்டும் சொல்லுங்க.”

“அதைச் சொல்ல என்னால முடியாதும்மா. அவர் எப்பப் போனாரு, ஏன் போனாருன்னு வேணும்னா பாக்கலாம்.”

“எப்பன்னு தெரியுமே. ராத்திரியேதான்.” ஜெனிதா போனை நீட்டினாள். “இது விடிஞ்சதும் ஷெரோமி எடுத்த படம். ஐஸ், ஐஸ்னு கத்திக்கிட்டே எடுத்தா.”

படத்தில் கூரையில்லாத கோட்டை அறை. புல்லெல்லாம் உறைபனி பூத்து உப்பைக் கொட்டியது போல வெள்ளை. ஒரே கடையில் வாங்கிய நாலு நீலப் பிளாஸ்டிக் பாய்கள். சுவரோரப் பாயில் ஜெனிதா தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்தாள். அடுத்த இரண்டும் காலி, ஆனால் நீலம் தெரிந்தது. நாலாவது பாய் மட்டும் புல்லைப் போலவே வெள்ளையாகியிருந்தது. ஓரத்தில், அணைந்த நெருப்புக்குப் பக்கத்தில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு சுகந்தன் குந்தியிருந்தான்.

“ஆள் படுத்த பாயில பனி பிடிக்கல. அந்த வெள்ளைப் பாய்தான் திலக்ஷனோடது. ராத்திரி முழுக்க அதுல அவன் படுக்கவே இல்ல,” என்றாள் ஜெனிதா.

“அது அவர் பாய்னு யார் சொன்னது?”

“சுகந்தன். பொலிஸ்கிட்டயும் அவன்தான் சொன்னான்.”

ஜீவராணி படத்தை விரலால் பெரிதாக்கினாள். பாய்களின் கால்மாட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“செல்லசாமி, இதே மாதிரி ஒரு பாய் வாங்கிட்டு வா. நாளைக்கு மலை ஏறணும்.”

“பாயோடவா? பரவாயில்லையே. செத்தா சுருட்டிக் கொண்டுவர வசதி.”

* * *

தேயிலை மலை முடிந்து, காடு முடிந்து, புல்வெளி தொடங்கிய இடத்தில் செல்லசாமி பாயை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினான்.

“அந்தக் காலத்து ஆளுங்க கெட்டிக்காரங்க அக்கா. கோட்டையில பீரங்கியே வச்சிருக்க மாட்டாங்க. எதிரியை வா வான்னு கூப்பிட்டாப் போதும். பாதி வழியில அவனே செத்துருவான்.”

யார் கட்டினது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத கோட்டை. இடுப்பளவு கருங்கல் சுவர்கள்தான் மிச்சம். மேற்குப் பக்கச் சுவர் இடிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் பாறை செங்குத்தாக இறங்கியது. இரண்டு ஆள் ஆழத்தில், நாலு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு கல் தட்டு துருத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேயும் பக்கத்திலும் வெறும் காற்று. தேயிலை நிரைகள் எங்கோ அடியில் தெரிந்தன.

ஜீவராணி புல்லில் பாயை விரித்தாள். “படு.”

“பட்டப்பகல்லயா?”

“படு.”

செல்லசாமி படுத்தான். தலைமாட்டுக்குச் சரியாகத் தலையை வைத்தும் அவன் பாதம் பாயின் நுனியைத் தொடவில்லை. அடுத்து ஜெனிதாவைப் படுக்கச் சொன்னாள். அவளுக்கு ஒரு முழம் பாய் மிஞ்சியது.

“சுகந்தன் எவ்வளவு உயரம்?”

“என்னைவிடக் கொஞ்சம் கூட.”

“ஷெரோமி?”

“என் தோளுக்கு வருவா.”

“அந்தப் படத்தைத் திரும்ப எடுங்க. வெள்ளைப் பாயை விடுங்க, அதுக்கு முந்தின நீலப் பாயைப் பாருங்க. பாய் முடியிற இடத்துக்கு வெளியே, புல்லுல என்ன இருக்கு?”

ஜெனிதா பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளைப் புல்லின் நடுவே, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பச்சைத் திட்டுகள்.

“பனி பிடிக்காத இடம்,” என்றாள் ஜீவராணி. “ராத்திரி முழுக்க அங்க ரெண்டு கால் இருந்திருக்கு. பாய்க்கு வெளியே கால் நீட்டுற அளவுக்கு உங்கள்ல யாரு உயரம்?”

“தூணுதான்,” என்றாள் ஜெனிதா.

“திலக்ஷன் விடியும் வரைக்கும் அந்தப் பாயில தூங்கியிருக்காரு. பனியெல்லாம் கொட்டி முடிஞ்ச பிறகுதான் எந்திரிச்சிருக்காரு. வெள்ளைப் பாய் சுகந்தனோடது.”

“அப்ப ராத்திரி கூப்பிட்டது?”

ஜீவராணி பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். செல்லசாமி அதைக் கவலையோடு பார்த்தான்.

“புதுக் கயிறா அக்கா?”

“மாடு கட்டினது.”

“அந்த மாடு இப்ப எங்க?”

கயிற்றின் ஒரு முனை சுவர்க்கல்லில் இறுகியது, மறு முனை செல்லசாமியின் இடுப்பில். அம்மன் பேரையும் அந்தோனியார் பேரையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு அவன் கல் தட்டில் இறங்கினான். ஜெனிதா அன்றிரவு படுத்த இடத்தில் அதேபோலத் தலையோடு போர்த்திப் படுத்தாள். கீழேயிருந்து சத்தம் வந்தது. பாறையில் முட்டித் தேய்ந்து, இழுபட்டு வந்தது.

அவள் துள்ளி எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. “இதேதான். இந்தத் திசைதான். ஜெனீ, ஜெனீன்னு…”

“டீன்னு கத்தினேங்க!” என்றது தட்டிலிருந்து ஒரு குரல். “டீ, டீன்னு. பிளாஸ்க் மேலதானே இருக்கு?”

யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் அதே குரல் வேறு மாதிரி வந்தது. “அக்கா, இங்க முள்ளுப் பத்தையில ஒரு பேய் துணி காயப் போட்டுட்டுப் போயிருக்கு.”

அவன் மேலே கொண்டுவந்தது ஒரு வெள்ளை பெட்சீட். வெயிலிலும் பனியிலும் கிடந்து பழுப்பேறியிருந்தது. நடுவே கத்தரியால் வெட்டிய இரண்டு வட்ட ஓட்டைகள், கண் வைத்துப் பார்க்கிற இடைவெளியில்.

“கோட்டைப் பேய்,” என்றாள் ஜெனிதா மெதுவாக. “ஸ்கூல் ட்ரிப்புல சுகந்தன் ஒரு தடவை இப்படித்தான் எங்களைப் பயமுறுத்தினான்.”

“இந்தத் தடவை இருட்டுல வந்து தட்டுல விழுந்துட்டாரு போல,” என்றாள் ஜீவராணி. “படத்துல அவர் போத்தியிருக்கிற கம்பளி யாரோடது?”

ஜெனிதா முதல்நாள் சாயந்தரம் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சிவப்புக் கோடு போட்ட அதே கம்பளி, திலக்ஷனின் தோளில் இருந்தது.

“முடிஞ்சுது,” என்றான் செல்லசாமி. “கம்பளியைப் பிடுங்கிட்டு ஆளைத் தள்ளிட்டான்.”

“கம்பளிக்காக எவனாவது கொலை செய்வானா?”

“நீங்க நுவரெலியாக் குளிர்ல படுத்ததில்ல அக்கா.”

* * *

சுகந்தனின் கடை ஒரு பேக்கரிக்கும் சலூனுக்கும் நடுவில் இருந்தது. மெலிந்த, குட்டையான ஆள். செல்லசாமிதான் முதலில் உள்ளே போய்த் தன் போனை நீட்டினான்.

“என்ன பிரச்சினைங்க?”

“நாம கத்துறது அந்தப் பக்கம் கேக்குது. ஆனா யாரும் வரமாட்டேங்கிறாங்க.”

சுகந்தன் புரியாமல் பார்த்தான். பின்னால் வந்த ஜீவராணி பெட்சீட்டைக் கண்ணாடி மேசையில் விரித்தாள். அவளுக்குப் பின்னால் ஜெனிதா நின்றாள்.

அவன் கையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவர் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் எழும்பவில்லை. மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டான். செல்லசாமி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

“எல்லாரும் படுத்த பிறகு பின்னால சுத்தி வந்து பயமுறுத்தலாம்னு போனேன்,” என்றான் சுகந்தன், தரையைப் பார்த்தபடி. “டோர்ச்சை அணைச்சு வச்சிருந்தேன். இடிஞ்ச சுவர்ல கால் வச்சேன், கல்லு ஈரத்துல வழுக்கிருச்சு. தட்டுல போய் விழுந்தேன். ஏற முடியல. கத்தினேன். மூணு பேரையும் பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன்.”

“என்னையுமா?” என்றாள் ஜெனிதா.

“உன்னைத்தான் கூடக் கூப்பிட்டேன். உனக்குத்தான் தூக்கம் லேசுன்னு தெரியும்.”

ஜெனிதா ஷட்டர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“குரலே போயிருச்சு. வெளுக்கிற நேரம் தூணு தலையை நீட்டினான். ‘அரைத் தூக்கத்துல கேட்டுச்சுடா, நீ பேய் வேலை காட்டுறன்னு திரும்பிப் படுத்துட்டேன், மன்னிச்சிரு’ன்னான். கம்பளியை முறுக்கித் தொங்கவிட்டு, என்னை இழுத்து மேல எடுத்தான். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவன் எந்திரிச்சான். அவன் கால் வச்ச கல்லும் வழுக்கிச்சு. தட்டு இல்லாத பக்கம் சரிஞ்சான். கம்பளியோட ஒரு முனை என் கையில இருந்துச்சு, மத்த முனையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினான்.”

“பிறகு?”

“இழுத்தேன். அவன் பாரத்துக்கு நானும் விளிம்புக்குப் போக ஆரம்பிச்சேன். கண்ணை மூடிக்கிட்டேன்.” அவன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். “விட்டுட்டேங்க. என்னைத் தூக்கினவனை நான் கையை விட்டுட்டேன்.”

செல்லசாமி ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜீவராணியின் முகத்தைப் பார்த்து அடங்கினான்.

“வந்து உங்களை எழுப்பணும்னுதான் நெருப்புப் பக்கம் போனேன்,” என்றான் சுகந்தன் ஜெனிதாவிடம். “ஷெரோமி எந்திரிச்சு ஐஸ் ஐஸ்னு சிரிச்சுக்கிட்டே படம் எடுத்தா. ‘தூணு எங்க’ன்னு கேட்டா. தெரியாதுன்னு வாயில வந்துருச்சு. அதுக்குப் பிறகு என்னால மாத்திச் சொல்லவே முடியல.”

“அந்தக் கம்பளி எங்க?” என்றாள் ஜீவராணி.

அவன் மேசைக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தான். பழைய போன் கவர்களுக்குக் கீழே சிவப்புக் கோடு தெரிந்தது.

“எரிக்கப் பாத்தேன். முடியல.”

“நீங்க சொன்னது பொய்.”

“சத்தியமாங்க…”

“பொய்னு தெரியாமச் சொல்ற பொய். கம்பளியை நீங்க விட்டிருந்தா அது எங்க இருந்திருக்கும்?”

சுகந்தன் பெட்டியைப் பார்த்தான்.

“அவர் பிடிச்சிருந்த முனையோட, அவரோடயே கீழ போயிருக்கும். நீங்க அதைப் போத்திக்கிட்டுல்ல நெருப்புப் பக்கம் குந்தியிருந்தீங்க. படம் இருக்கு. கடைசி வரைக்கும் நீங்க கையை விடல தம்பி. விட்டது அவரு.”

பக்கத்துச் சலூனில் யாரோ தும்மினார்கள். சுகந்தன் கம்பளியைக் கையில் எடுத்து, இந்த முனையையும் அந்த முனையையும் முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

“அவனாவா விட்டான்?”

“கை விறைச்சுத் தானா நழுவிச்சா, நீங்களும் விழுந்துருவீங்கன்னு பாத்து விட்டாரா, அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

“ஆனா நான் விடணும்னு நினைச்சேங்க. கண்ணை மூடிக்கிட்டு அதைத்தான் நினைச்சேன். கண்ணைத் திறந்தப்போ பாரம் இல்ல.”

“நினைச்சதுக்கு நான் கேஸ் போட முடியாது,” என்றாள் ஜீவராணி. “மறைச்சதுக்கு நாளைக்கு ஸ்டேசனுக்குப் போய் வாக்குமூலத்தை மாத்திக் குடுக்கணும். அதுக்கு முதல்ல போகவேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. ஷட்டரைப் பூட்டுங்க.”

* * *

ஊசிமலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் திலக்ஷனின் தாய் அழகம்மா, பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து கூடையை இறக்கியிருந்தாள். சுகந்தன் உள்ளே போய் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும், “பாடை கட்டினது நீதானேப்பா,” என்று மட்டும் சொன்னாள்.

“ஆமாங்கம்மா.”

“முன்னுக்குத் தோள் குடுத்ததும் நீதான்.”

அவன் தலை குனிந்தான். அழகம்மா எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இதை எனக்கு மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்ல. வெளிய வா.”

மலைத் தண்ணீர் வந்து கொட்டும் பீலிக்கரையில் நாலைந்து பெண்கள் வாளி வைத்துக் காத்திருந்தார்கள். அழகம்மாவைக் கண்டதும் வழக்கம்போலப் பேச்சு நின்றது. அவள் அவனை அவர்களுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“சொல்லு.”

அவன் சொன்னான்.

“கேக்கல. சத்தமா.”

“தூணு குதிக்கலங்க!” சுகந்தனின் குரல் உடைந்தது. “என்னைக் காப்பாத்த வந்துதான் செத்தான். நான்தான் சொல்லாம இருந்துட்டேன்!”

லயத்துக் கதவுகளில் தலைகள் தெரிந்தன. பீலித் தண்ணீர் ஒரு வாளியில் நிரம்பி வழிந்தது. அதை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

அழகம்மா அவன் கையை விட்டாள். ஜெனிதா அருகே போனாள்.

“அன்னைக்கு அவன் என்னைக் கேட்டான்மா. நான் வேணாம்னுட்டேன்.”

“தெரியும் புள்ள. கேக்கப் போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். வேணாம்னுட்டா என்னாடா செய்வேன்னேன். சாப்பிட்டுட்டுத் தூங்குவேன்னான்.” ஜீவராணி பக்கம் திரும்பினாள். “தூங்கினானாங்க?”

“விடியும் வரைக்கும் தூங்கியிருக்காருங்க. பாய்க்கு வெளிய காலை நீட்டிக்கிட்டு.”

“அப்படித்தான் படுப்பான்,” என்றாள் அழகம்மா. அதுவரை உலர்ந்திருந்த கண்கள் அப்போதுதான் நிறைந்தன.

ஜெனிதா நகரவில்லை. “சுகந்தன் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சும்மா. என் பேர்னும் தெரிஞ்சுது. நான் எந்திரிக்கல. எந்திரிச்சு எல்லாரையும் எழுப்பியிருந்தா, பனி பிடிக்கிறதுக்கு முந்தியே மூணு பேருமா அவனை இழுத்திருக்கலாம்.”

அழகம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை. ஆறுதல் சொல்லப்போகிறவள் போலவும் இல்லை.

“அதுக்கு நான் என்னா புள்ள சொல்ல? இருக்கும்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அது உன்னோடது.”

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் குடத்தை எடுத்து வந்தாள். பீலிக்கரையில் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி, வழிந்துகொண்டிருந்த தன் வாளியை இழுத்துவிட்டு, அழகம்மாவின் கையிலிருந்து குடத்தை வாங்கித் தானே பிடித்தாள். பிறகு, தயங்கித் தயங்கி, அவளிடம் ஏதோ பேச ஆரம்பித்தாள்.

சுகந்தன் ஆட்டோவில் வந்து ஏறிக்கொண்டான். ஜெனிதா மட்டும் லயத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“டீச்சரைக் கூட்டிட்டு வரட்டுமா அக்கா?” என்றான் செல்லசாமி.

“விடு. அவங்களா வரும்போது வரட்டும்.”

செல்லசாமி என்ஜினை அணைத்தான்.